கோரிக்கை மனு: தடைக்காலத்தில் மரப்படகுகளின் மீன் அறையைக் காயவைத்துச் சீரமைக்க உதவி கேட்டு

அனுப்புநர்:
மர விசைப்படகு உரிமையாளர்கள் (கையொப்பப் பட்டியல் தனியே இணைத்துள்ளோம்),
அக்கரைப்பேட்டை,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
நாகப்பட்டினம்.

பொருள்: மீன் அறைகளின் பலகையை ஈரம் போகக் காயவைத்த பிறகு பைபர் (கண்ணாடியிழைப் பூச்சு) ஒட்டுவதற்கு, வரும் தடைக்காலத்தில் கரையில் கூடுதல் நாள், மின் இணைப்பு, ஈரமானி, பயிற்சி ஆகியவை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் படகுகள் கரை ஏறுகின்றன. இன்ஜின் பிரிப்பது, அடிப்பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். இதில் எப்போதும் கடைசிக்குப் போவது, பிடித்த மீனை ஐஸில் போட்டு வைக்கும் மீன் அறைதான். மூடியைப் போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது. நாங்களும் அப்படித்தான் விட்டுவிட்டோம் என்பதை ஒத்துக்கொண்டே இந்த மனுவை எழுதுகிறோம்.

கடல் தண்ணீர்தான் படகை மக்க வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறும் பலகையில் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை அவ்வளவு எளிதில் பிடிக்காது. (அடிப்பலகையைத் துளைக்கும் புழு வேறு கதை.) எங்களுக்கு எமன் ஐஸ் உருகி வரும் நல்ல தண்ணீர். ஒரு வாரம் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போனால் அந்த வாரம் முழுக்க அது கசிந்துகொண்டே இருக்கும். மீன் அறையில் பலகை மேல் தெர்மாகோல், அதன் மேல் பைபர் என்று போட்டிருக்கிறோம். ஐஸை அள்ளும்போது மண்வெட்டி முனை பட்டு பைபரில் கீறல் விழும். தலைமுடி அளவு கீறல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஊறிய தெர்மாகோல் குளிரைக் காக்காது. குளிர் நிற்கவில்லையென்றால் ஐஸ் சீக்கிரம் கரையும். கூடுதலாக ஐஸ் ஏற்றுவோம், அதுவும் கரைந்து அதே கீறல் வழியாகப் பலகைக்குத்தான் போகும்.

போன ஐப்பசியில் எங்களில் ஒருவர் படகு தங்கல் முடிந்து வந்தபோது அடித்தட்டு மீன் முழுக்க நைந்து, ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் போனது. மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டும் இந்த நிலை. பைபரைப் பெயர்த்துப் பார்த்தால், பலகை கையோடு புட்டு மாதிரி உதிர்ந்தது. அந்த பைபர் பழசுகூட இல்லை, முந்தைய தடைக்காலத்தில் போட்டதுதான். பளபளவென்று இருந்தது. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை.

விசாரித்ததில் காரணம் எளிதாக இருந்தது. ஈரப் பலகையின் மேல் பைபர் ஒட்டியிருக்கிறார்கள். ஈரத்தில் பைபரை ஒட்டும் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிடித்த இடத்திலும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தை மக்க வைத்துவிடும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பைபர் போட 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. வேலை செய்தவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருக்குப் பின்னால் நான்கு படகு வரிசையில் நின்றது. எத்தனை நாள் காயவிடுவார், பாவம்?

சரி, எங்களுக்கு வேண்டியது என்னவென்றால், முதலில் நாள். மீன் அறையைப் பிரித்துப் போடும் படகுகளுக்குக் கரையில் குறைந்தது 15 நாள் கூடுதலாக நிற்க இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். கத்திரி வெயில் அந்தக் காலத்தில்தான் அடிக்கிறது, ஆனால் மீன் அறை ஒரு குழி. தளத்தில் கால் வைக்க முடியாத சூட்டிலும் அதன் அடிப்பலகை நசநசவென்றே இருக்கும். காற்று உள்ளே போய் வெளியே வந்தால்தான் காயும். அதற்கு மின்விசிறி வைத்து ஊத வேண்டும். படகு நிறுத்தும் இடத்தில் தற்காலிக மின் இணைப்பு கிடைக்கத் துறை ஏற்பாடு செய்தால், கட்டணத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

அடுத்தது, மரத்தின் ஈரம் பார்க்கும் ஈரமானி. கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. துறையிடம் இரண்டு இருந்தால் மொத்தத் துறைமுகத்துக்கும் சுற்றில் விடலாம். இப்போது எங்கள் ஊரில் கையை வைத்துப் பார்த்து, "காஞ்சிடுச்சு, போடுப்பா" என்று சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் பயிற்சி. பைபர் வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு, தடைக்காலம் தொடங்கும் முன்பே இரண்டு நாள் வகுப்பு வைக்கலாம். மரப்படகுக்கு மேல்பூச்சு போடுவதில் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுபவம் உண்டு. மீன்வளப் பல்கலைக்கழகமோ நம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. தெர்மாகோலுக்குப் பதில் தண்ணீரை எளிதில் உறிஞ்சாத பியூ (பாலியூரித்தேன்) நுரை போடுவது, மூலைகளை வளைவாக முடிப்பது, உருகிய தண்ணீர் தேங்காமல் ஒரே பக்கம் ஓடும்படி அடியில் சரிவு வைப்பது இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் செய்யத் தெரியாதவர்கள் இல்லை எங்கள் ஆட்கள்.

தடைக்காலத்தில் துறை நடத்தும் படகு ஆய்வின்போது மீன் அறை மூடியையும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். அபராதத்துக்காக அல்ல, குறித்துக்கொடுத்தால் போதும். அப்படியே அணியத்தில் (படகின் முன்பக்கம்) சாமான் வைக்கும் அறையையும் பார்க்கலாம். பூசணம் பூத்த லைஃப் ஜாக்கெட்டும், ஒன்றோடொன்று ஒட்டிப்போன படகுப் பதிவுச் சான்றும் அங்கேதான் கிடக்கின்றன.

இது மானியம் கேட்டு எழுதும் மனு அல்ல. பியூ நுரைக்கும் ரெசினுக்கும் ஆகும் செலவு பற்றித் தனியே எழுதுவோம். இப்போது கேட்பவை ஏப்ரல் 15-க்கு முன்பே முடிவானால்தான் பயன்படும் என்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறோம். பலகை உதிர்ந்த அந்தப் படகு இன்னும் துறைமுகத்தில்தான் நிற்கிறது. தாங்களோ, தாங்கள் அனுப்பும் அலுவலரோ எந்த நாள் வந்தாலும் மூடியைத் திறந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மர விசைப்படகு உரிமையாளர்கள்,
அக்கரைப்பேட்டை.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பெயர்த்தெடுத்த பலகை மற்றும் தெர்மாகோலின் படங்கள்.