மே லீவு டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்க

பெரம்பூர், தண்டையார்பேட்டை உறுப்பினர்கள் கவனத்துக்கு: சிங்கப்பூர், மலேசியா போறவங்க பாஸ்போர்ட்டில், அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்கணும். இல்லேன்னா மீனம்பாக்கம் செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திடுவாங்க. விசாவைக் காட்டி வாதாடிப் பயனில்லை. ஏன்னா, அங்கிருந்து உங்களைத் திருப்பி அனுப்பினா அந்தச் சுமை விமான நிறுவனத்தின் தலையில்.

மாட்டுவது பெரும்பாலும் பிள்ளைங்க பாஸ்போர்ட்தான். பெரியவங்களுக்கு 10 வருஷம். பிள்ளைங்களுக்கு 5 வருஷம் அல்லது 18 வயது, எது முந்தியோ அது. குடும்பத்தோட ஒரே நாளில் எடுத்திருந்தாலும் எல்லாம் ஒண்ணா காலாவதி ஆகாது.

காலாவதிக்கு 1 வருஷம் முன்பே ரீ-இஷ்யூ (பழசுக்குப் பதில் புது பாஸ்போர்ட்) போடலாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிச்சு அமைந்தகரை மையத்துக்கு ஸ்லாட் எடுங்க. பிள்ளைக்கு அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்ஷர் டி' (பெற்றோர் உறுதிமொழிப் படிவம்) வேணும். புது எண் வந்ததும் டிக்கெட்டிலும் மாத்துங்க.