ஸ்டாஃபாவுக்குப் போகும் முரளி அண்ணாவுக்கு

அன்புள்ள முரளி அண்ணா,

எடின்பரோ வரும்போது லாக் நெஸ் ஏரிக்குப் போவதா, ஸ்டாஃபா தீவில் இருக்கும் ஃபிங்கல் குகைக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். குகைக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஓபன் என்ற துறைமுக ஊர் வரை ரயில், அங்கிருந்து மல் தீவுக்குக் கப்பல், தீவின் மறுகோடியில் இருக்கும் ஃபின்ஃபோர்ட் வரை பஸ், அப்புறம் ஸ்டாஃபாவுக்குச் சின்னப் படகு. மல்லிலோ பக்கத்துத் தீவான அயோனாவிலோ ஒரு ராத்திரி தங்கினால்தான் இது நிம்மதியான பயணம்.

ஸ்டாஃபாவில் யாரும் குடியில்லை, கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அண்ணியிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்!

படகு நெருங்கும்போதே தூண்கள் தெரிய ஆரம்பித்துவிடும். சுமார் 6 கோடி வருஷத்துக்கு முன் ஓடிய எரிமலைக் குழம்பு மெல்ல மெல்ல ஆறிச் சுருங்கியபோது, வறண்ட ஏரி மண் வெடிக்கிற மாதிரி மேலும் கீழும் வெடித்து, அந்த வெடிப்பு அப்படியே உள்நோக்கி நீண்டதில் பிரிந்தவை இந்தத் தூண்கள். பெரும்பாலும் ஆறு பட்டை, ஐந்தும் ஏழும் நடுநடுவே உண்டு. ஒடிந்த தூண்களின் தலைமேல் கால் வைத்துத்தான் குகைக்கு நடக்க வேண்டும். கறுத்து, ஈரமாக, ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து கிடக்கும். பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, செல்ஃபிக்காக அதை விடாதீர்கள்.

உள்ளே எழுபது மீட்டர் போல நீளம், இருபது மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஒடிந்த தூண்களின் அடிமுனை, இடுக்குகளில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ கசிந்து உறைந்திருக்கிறது. ஆனால் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் விசேஷம். ஒரு அலை நம்மைத் தாண்டி உள்ளே போகும், கொஞ்ச நேரம் ஒன்றுமிருக்காது, பிறகு கோடியிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் எழுந்து கூரையெல்லாம் உருண்டுகொண்டு வரும். போட்டோவில் இது எதுவும் வராது. கூட வந்தவர்கள் போன பிறகு கடைசியாக வெளியே வாருங்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இந்தக் குகையைப் பார்த்துத்தான், இந்தத் தீவுக்கூட்டத்தின் பேரிலேயே அமைந்த தன் ஹெப்ரைட்ஸ் இசையின் முதல் வரியை எழுதினார் என்று படகில் யாராவது சொல்வார்கள். ஆனால் அவர் அந்த வரியை எழுதி வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கும் தேதி 1829 ஆகஸ்ட் 7. ஸ்டாஃபாவுக்குப் போனது மறுநாள். போன அன்று மனுஷனுக்குக் கடல் குமட்டல் வேறு. எனக்கென்னவோ இந்த உண்மைக் கதைதான் பிடித்திருக்கிறது. அதனால் வாந்தி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடல் கொந்தளித்தால் படகு கரை ஒதுங்காது, வெளியிலிருந்தே காட்டிவிட்டுத் திருப்பிவிடுவார்கள். படகுக்காரரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. அதற்காகவே கையில் இன்னொரு நாள் வைத்துக்கொள்வது நல்லது.

இறங்க முடிந்தால் தீவில் ஒரு மணி நேரம் போலக் கிடைக்கும். அதில் பாதியைக் குகைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் படியேறி மேலே புல்வெளிக்குப் போங்கள். அங்கே பஃபின் பறவைகள் வளை தோண்டிக் குடியிருக்கின்றன; அசையாமல் உட்கார்ந்தால் பக்கத்திலேயே வந்து இறங்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குப் போய்விடும், அதனால் ஜூலைக்குள் வருகிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டுத் தேதியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி