தொட்டியைப் பெரிதாக்காதே, உயர்த்து

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, உன் மாடி ஷவர் கதைக்கு வருகிறேன். தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, அதனால் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 2,000 லிட்டர் வைக்கப்போகிறேன் என்கிறாய். வேண்டாம், காசுக்குப் பிடித்த கேடு. அழுத்தத்துக்கு எத்தனை லிட்டர் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. திரவத்தின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கு, அவ்வளவுதான். தண்ணீருக்கு 1,000 × 9.8. ஷவரிலிருந்து தொட்டியின் நீர்மட்டம் 2 மீட்டர் மேலே என்றால் அழுத்தம் 19,600 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு). காற்றழுத்தத்தைச் சேர்க்க வேண்டாமா என்று உன் மகள் கேட்பாள். அது நீர்மட்டத்தின் மேலும் அழுத்துகிறது, ஷவர் வாயிலும் அழுத்துகிறது, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கீழ்வீட்டு ஷவருக்கு உயரம் 5 மீட்டர், 49,000 பாஸ்கல். அங்கே தண்ணீர் சீறுவதன் ரகசியம் இதுதான்.

எங்கள் வாசலில் நிற்கும் நீல டிரம்மைத்தான் பாரேன். நிரம்பியிருக்கும்போது அடியில் உள்ள குழாயைத் திறந்தால் குடத்தைத் தாண்டிப் பீய்ச்சும். பாதிக்குக் கீழே இறங்கியதும் குடத்தை டிரம்மோடு ஒட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதே டிரம்மில் டீசல் இருந்தால் அடர்த்தி குறைவு என்பதால் அதே உயரத்துக்கு அழுத்தமும் குறைவு. கொருக்குப்பேட்டை எண்ணெய்த் தொட்டிகளுக்கும் இதே கணக்குதான்.

ஆகவே பழைய தொட்டியையே 2 மீட்டர் ஸ்டாண்டில் ஏற்று. மாடி ஷவருக்கு 2 மீட்டர் உயரம் 4 மீட்டராகும், அழுத்தமும் இரண்டு மடங்காகும். இது குழாய் மூடியிருக்கும்போது உள்ள கணக்கு. திறந்ததும் குழாயின் உராய்வில் கொஞ்சம் போகும். அரை இஞ்சுக் குழாயில் நாலு எல்போ வேறு வைத்திருக்கிறான் உன் பிளம்பர், அதையும் மாற்றச் சொல்.

ஒரு எச்சரிக்கை. லிட்டர் கணக்கு தளத்துக்கு உண்டு: 2,000 லிட்டர் என்றால் 2 டன். 500 லிட்டரும் அரை டன், லேசு இல்லை. ஸ்டாண்டின் கால்கள் பீமுக்கு மேலேயே நிற்கட்டும். மேஸ்திரி என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அப்புறம், மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூர் வருகிறாயா? அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்