24 கண் பாலத்தை இறங்கித்தான் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பயணம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ரிபிள்ஹெட் பாலத்தை ஜன்னல் வழியே படம் எடுக்கச் சொல்கிறது. பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் எங்கே தெரியும்? சதுப்பு நிலமும் வெர்ன்சைட் மலையும்தான் தெரியும். ரிபிள்ஹெட் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் தூண்களின் அடியிலேயே நிற்கலாம். 24 கண்கள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு ஆறாவது தூணும் பருமனாக இருப்பது தெரியும். ஒரு கண் இடிந்தாலும் சரிவு அந்தப் பருத்த தூணோடு நின்றுவிட வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்தப் பாதையைப் போட்ட மிட்லண்ட் ரயில் கம்பெனியே, கட்டுவதற்கு முன் ஒரு கட்டத்தில் திட்டத்தைக் கைவிடப் பார்த்தது. 1869ல் பார்லிமென்ட் விடவில்லை. விரைவு வண்டிகளுக்காக ஏற்றத்தை நூறு அடிக்கு ஓரடி என்ற அளவுக்குள் வைத்ததால், பள்ளம் வந்த இடத்தில் பாலம், மேடு வந்த இடத்தில் சுரங்கம். 1876 மே 1 அன்று பயணிகள் வண்டி ஓடியது.

அதற்குக் கொடுத்த விலையைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. பாலத்தடியில் குடிசை போட்டு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களை விபத்தும் பெரியம்மையும் வாரிக்கொண்டு போயின. ரிபிள்ஹெட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் அளவில் உள்ள சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் 200 பேருக்கு மேல் அடக்கமாயிருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது. தேவாலயத்துக்குள்ளே, உடன் உழைத்தவர்களும் கம்பெனியும் சேர்ந்து வைத்த நினைவுக்கல் உண்டு. பாலம் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் போக வேண்டும்.

இன்னொன்று: டெண்ட் நிலையத்தில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். 350 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த நிலையத்திலிருந்து டெண்ட் கிராமம் ஆறு கிலோமீட்டருக்கும் மேல்; போகும்போது இறக்கம், திரும்பும்போது அவ்வளவும் செங்குத்தான ஏற்றம். பெட்டியோடு இறங்கினால் திண்டாட்டம்தான். கிர்க்பி ஸ்டீபனிலும் ஊர் நிலையத்தை ஒட்டி இல்லை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

லீட்ஸிலிருந்து ஏறுகிறவர்கள் கிர்க்பி ஸ்டீபன் வரை இடப்பக்கம் உட்காருங்கள்: இங்கிள்பரோ மலையும் டெண்ட் பள்ளத்தாக்கும் அந்தப் பக்கம்தான். ஆப்பிள்பி தாண்டியதும் வலப்பக்கம் மாறினால் 893 மீட்டர் உயர கிராஸ் ஃபெல் வரை மலைத்தொடர் கூடவே வரும்.

1980களில் பிரிட்டிஷ் ரயில்வே இந்தப் பாதையை மூடப் பார்த்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம் ரிபிள்ஹெட் பாலத்தின் பழுதுபார்ப்புச் செலவு. பல்லாயிரம் பேர் ஆட்சேபணை எழுதினார்கள். ரஸ்வார்ப் என்ற நாயின் பாதத்தடமும் ஆட்சேபணையாகப் பதிவாகி, 1989 ஏப்ரலில் பாதை தப்பியது. ரஸ்வார்ப்பின் வெண்கலச் சிலை இதே பாதையில் உள்ள கார்ஸ்டேல் நிலைய நடைமேடையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்