புதினாவை அரைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை விருந்துக்கு என்று வந்திருந்த புதினா காக்டெய்ல் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விருந்துகளில் பானம் கலந்து கொடுப்பது 14 வருடமாக என் தொழில். அந்தக் குறிப்பில் ஒரு வரி தவறு, இன்னொரு வரி ஆபத்து. இரண்டையும் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும்.

தவறான வரி, ஒரு கட்டு புதினாவை மிக்ஸியில் நைஸாக அரைத்து ஜாடியில் ஊற்றச் சொல்வது. என் தங்கை அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்து, தன் கல்யாண நாள் விருந்துக்கு அப்படியே செய்துவிட்டாள். 20 பேர் வருகிறார்கள். மாலை 5 மணிக்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணா, அரைச்சப்போ கலர் நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ குளத்துத் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. வாயில வெச்சா கசக்குது." போய்ப் பார்த்தேன். ஜாடியின் அடியில் கரும்பச்சையாக வண்டல் படிந்திருந்தது. மேலே நுரையோடு துகள் மிதந்தது. ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் இரண்டாவது இழுப்பிலேயே அடைத்துக்கொண்டது. கசப்பைப் போக்க அவள் சர்க்கரையை இன்னும் கொட்டியிருந்தாள். ஆனாலும் முதலில் தித்திப்பு, அப்புறம் கசப்பு என்று இரண்டும் நாக்கில் தனித்தனியாக நின்றன. அந்தக் கசப்பை வடிகட்டி எடுக்க வழியே இல்லை. அப்படியே கீழே ஊற்றினோம். ஆசையாக அவள் செய்தது அது. தொட்டியில் ஊற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் மேல் தப்பில்லை. ஒரு புதினா இலையைத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாக மினுங்கும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகள். நாம் புதினா வாசனை என்று சொல்வது முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, அதுவும் இலையின் மேல்தோலிலேயே. லேசாக அழுத்தினாலே உடைந்து வாசனை வந்துவிடும். அரைத்தால் அதோடு இலையின் உள்ளே இருக்கிற பச்சையமும் கசப்பும் துவர்ப்பும் சேர்ந்து வெளியே வரும். காற்றுப் பட்டால் அது கறுக்கும், எலுமிச்சைப் புளிப்பில் பச்சை நிறம் பாசி நிறமாக மாறும். தங்கை சொன்ன குளத்துத் தண்ணீர் இதுதான்.

இந்த வகைப் பானங்களில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது கியூபாவின் ஹவானா நகரத்து மொஹிட்டோ. வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, புதினா, சோடா, இவ்வளவுதான். இத்தனை எளிமையான பானத்தில் ஒன்று கெட்டாலும் மறைக்க இடமில்லை. நான் ஒரு தம்ளருக்குச் செய்வதைச் சொல்கிறேன். உயரமான தம்ளரில் 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. அதில் ஆறேழு இலை, காம்பு இல்லாமல். மரக்கரண்டியின் பிடிப்பக்கத்தை இலை மேல் வைத்து நாலைந்து முறை மெதுவாக அழுத்தித் திருப்ப வேண்டும். இலை கசங்கலாம், கிழியக் கூடாது. தம்ளரை மூக்கருகே கொண்டுபோனால் வாசனை வந்துவிட்டது தெரியும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம் 45 மில்லி ரம், தம்ளர் நிறைய ஐஸ், மேலே நன்றாகக் குளிர்ந்த சோடா. நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரு தடவை தூக்கிவிட்டால் போதும். சோடா குளிர்ந்தே இருக்க வேண்டும், வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் குமிழி பாதி அங்கேயே போய்விடும்.

கடைசியாக ஒரு சின்னக் கொத்தை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் ஒரே ஒரு தட்டு. தட்டிய கொத்தை ஸ்ட்ராவுக்குப் பக்கத்திலேயே சொருகுங்கள், ஸ்ட்ராவையும் குட்டையாக நறுக்கிவிடுங்கள். குடிக்கக் குனிகிறவர் மூக்கு இலையில் படுகிற மாதிரி இருக்கும். புதினாவின் சுவையில் பெரும்பங்கு மூக்கால் அறிவதுதான். அலங்காரத்துக்கு வைத்தது என்று அந்தக் கொத்தை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுவேன்.

எந்தப் புதினா என்றும் குறிப்பில் இல்லை. மொஹிட்டோவுக்கு ஸ்பியர்மின்ட் வகை ஏற்றது, அதன் வாசனை கார்வோன் என்ற பொருளால் வருவது, கொஞ்சம் இனிப்புச் சாயல் உண்டு. பெப்பர்மின்ட் வகையில் மென்தால் தூக்கல், வாயில் ஜில்லென்று இருப்பது அதனால்தான். மென்தால் உண்மையில் எதையும் குளிரவைப்பதில்லை. குளிரை உணர்கிற நரம்பு முனையில் டிஆர்பிஎம்8 என்று ஒரு புரதம் இருக்கிறது, அதை மென்தால் தூண்டிவிட, மூளை குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. மென்தாலை வைத்து அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஏற்கெனவே ஐஸ் நிறைந்த தம்ளரில் மென்தாலும் அதிகமானால் நாக்கு மரத்து, எலுமிச்சையும் ரம்மும் தெரியாமலே போய்விடும்.

சரி, 20 பேருக்கு ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருக்க முடியுமா? முடியும், முன்வேலையைப் பிரித்துக்கொண்டால். 900 மில்லி ரம், 400 மில்லி சாறு, 400 மில்லி பாகு மூன்றையும் ஒரு ஜாடியில் கலந்து குளிரில் வைத்துவிடலாம். சாற்றை மட்டும் அன்றைக்கே பிழியுங்கள், முந்தின நாள் சாறு வாசனை இழந்து கசக்கும். புதினாவையும் சோடாவையும் இந்த ஜாடியில் சேர்க்கவே கூடாது, தம்ளரில்தான். இலைகளைக் கிள்ளி ஈரத்துணியில் மூடி வைத்தால் சாயங்காலம் வரை வாடாது. வாடிய கொத்து என்றால் ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போடுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும். தங்கை வீட்டில் அன்றைக்கு மிச்சமிருந்த ஒரே கட்டை இப்படித்தான் தேற்றினோம். அவள் இலையை எண்ணிப் போட, நான் அழுத்த, முதல் விருந்தாளி வருவதற்குள் 12 தம்ளர் தயார்.

இனி அந்த ஆபத்தான வரி. "ரம் தேவையான அளவு" என்று போட்டிருக்கிறீர்கள். உப்புக்கு அப்படிச் சொல்லலாம், மதுவுக்குச் சொல்லக் கூடாது. 40 சதவீத ரம் 45 மில்லி ஊற்றினால் அதில் சுத்தமான ஆல்கஹால் 18 மில்லி, எடையில் சுமார் 14 கிராம். அளவில்லாமல் ஜாடியில் சாய்த்தால் இது இரண்டு மடங்காவது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. குளிர், இனிப்பு, புளிப்பு, புதினா நாலும் சேர்ந்து ரம்மின் காரத்தை மூடிவிடும். வெயிலில் தாகத்தோடு வருகிறவர் ஜூஸ் என்று நினைத்து மடமடவென்று குடிப்பார். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர் எத்தனை மில்லி குடித்தோம் என்று எப்படிக் கணக்கு வைப்பார்? இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தோட்ட விருந்தில், பெரியவர்கள் ஜாடியிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தது. உதட்டில் வைப்பதற்குள் ஓடிப்போய் வாங்கினேன். அன்றிலிருந்து ரம் கலந்த ஜாடியை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் வைக்கிறேன். மது இல்லாததற்கு வேறு வடிவத்தில் தனி ஜாடி, தனி மேசை. அதற்கு ரம்மை விட்டுவிட்டு மற்றதை அப்படியே செய்தால் புளிப்பு தூக்கிவிடும், சாற்றை 15 மில்லியாகக் குறைத்துச் சோடாவைக் கூட்டுங்கள்.

வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிகிறவர்களுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகும். தொழிலுக்கு வந்த முதல் கோடையில் வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் பிழிந்தேன். இரண்டாம் நாள் விரலிடுக்கில் எல்லாம் சிவந்து கொப்புளம். அது ஆறியும் பழுப்புத் தழும்பு மறைய மாதக்கணக்கானது. நிழலில் பிழிந்து, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவினால் இந்த வேதனையே இல்லை.

கோடை இன்னும் முடியவில்லை. உங்கள் குறிப்பைக் கத்தரித்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கும். வரும் ஞாயிறு இணைப்பிலேயே, முதலில் வந்த அதே பக்கத்தில், ரம்மின் மில்லி அளவோடு திருத்தத்தைப் போடுங்கள். மேலே நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் தேவையில்லை.

இப்படிக்கு,
விருந்துகளில் பானம் கலக்கும் உங்கள் நெடுநாள் வாசகன்