மாமாவின் கேசட்டுகள்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று, விபரம் பிறகு எழுதுகிறேன்.

மாமா பாடின காமன் கூத்துக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. மாசியில் நம் லயத்து வீடுகளின் முற்றத்தில் ரதியும் மன்மதனும் ஆட, விடிய விடியப் பாடிய குரல் அது. நம் தோட்டத்தில் அந்தப் பாட்டை முழுசாகத் தெரிந்தவர்கள் இப்போது யாருமில்லை.

இடம் போதவில்லை என்கிறாய். 90 நிமிடக் கேசட் ஒன்று, சுருக்காத வேவ் கோப்பாக ஏறக்குறைய 900 மெகாபைட் பிடிக்கும்தான். ஆனால் மாமாவிடம் இருந்தது ஒற்றை மைக் ரெக்கார்டர். இடது, வலது இரண்டிலும் ஒரே ஒலி. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் மோனோவாக, அதாவது ஒரே தடமாக மாற்று, அதிலேயே பாதி குறைந்துவிடும். அப்புறம் ஃப்ளாக் கோப்பாகச் சேமி. ஒலியில் ஒரு துளிகூடப் போகாது, அளவு இன்னும் குறையும். எவ்வளவு என்பது கேசட்டைப் பொறுத்தது. இரைச்சல் கூடினால் அவ்வளவாகச் சுருங்காது. அதற்காக இரைச்சலை நீக்கப் போகாதே, குரலும் சேர்ந்து அடிபடும்.

சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 போதும். நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதில்தான் கவனம் வேண்டும். நீ அனுப்பிய துண்டை 64இலும் 128இலும் மாற்றி ஹெட்போனில் கேட்டேன். மாமா கதை சொல்லும் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தப்பு மேளம் தொடங்கியதும் வித்தியாசம் தெரிந்தது. தீயில் காய்ச்சிய தோலில் குச்சி விழும் அந்த வெட்டு, 64இல் மழுங்கிப்போகிறது. அடி விழுமுன்பே ஒரு சலசலப்பு கேட்கிறது. சடாரென்று எழும் ஒலிகளில் எம்பி3 இப்படித்தான் தடுமாறும். ஆகவே மோனோ, 128 வை. ஒரு கேசட் 90 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

எம்பி3 செய்து முடித்ததும் பெரிய ஃப்ளாக் கோப்பை மட்டும் அழித்துவிடாதே, மச்சான். எம்பி3இல் போனது திரும்பி வராது. அதையே வெட்டி மறுபடி எம்பி3ஆகச் சேமித்தால் இன்னும் கொஞ்சம் போகும். பாட்டுப் பாட்டாகப் பிரிப்பதென்றால் ஃப்ளாக்கிலிருந்தே பிரி.

ஃப்ளாக் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. உன் கணினி பழுதானாலும் இங்கே ஒன்று இருக்கும்.

அன்புடன்,
உன் மச்சான்