ஒப்பீட்டில் ஜொகூர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மலேசியா, சிங்கப்பூர் ஒப்பீட்டுக் கட்டுரையைப் படித்தேன். எந்த வளமும் இல்லாத தீவு உழைப்பால் உயர்ந்தது, எல்லாம் இருந்தும் நாம் தூங்கிவிட்டோம் என்று அதில் ஒரு வரி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூங்கியது யார், ஐயா? என் அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரை ஒட்டிய நம் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று பால் வெட்டியவர்கள். அந்த ரப்பர் சிங்கப்பூரில்தான் கப்பலேறியது. மலாயா ஈயத்தையும் அங்கே புலாவ் பிரானி தீவில் உருக்கினார்கள். பிறகு தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது எங்களுக்கு வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அதைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தை நீங்கள் வெளியிடவில்லை.

1962 தண்ணீர் ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென், 2061 வரை. கட்டுரை முழுவதும் தேடினேன். தண்ணீர் என்ற பேச்சே இல்லை.

சுமார் 730 சதுர கிலோமீட்டர் உள்ள ஒரு நகரத்தை, 330,000 சதுர கிலோமீட்டர் நாட்டோடு நிறுத்துகிறீர்கள். கோலாலம்பூரை ஒப்பிட்டால் நியாயம். கிளந்தான் வயல்களையும் சரவாக் உட்பகுதி நீண்ட வீடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, நம்மைச் சோம்பேறி என்பதா?

அவர்களுடைய வீடமைப்பையும் ஒழுங்கையும் நான் குறை சொல்லவில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்று பாராட்டினீர்கள், சரி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இங்கேதானே இருக்கின்றன? அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

என் மகன் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார்சைக்கிளில் கிளம்பி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகப் பாலத்தில் குடிநுழைவு வரிசையில் நிற்கிறான். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும், அதாவது பணமும், ஒன்றுக்கு ஒன்று. இன்று அவர்களின் ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். அதனால்தான் போகிறான். அவனைப் போல் அன்றாடம் பாலம் கடப்பவர்களின் உழைப்பை எந்த நாட்டுக் கணக்கில் எழுதினீர்கள்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் போட்ட வரைபடத்தில் சபாவும் சரவாக்கும் இல்லை. என் பேத்தி அதை வெட்டிப் பள்ளி நோட்டில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு முழு வரைபடத்தைத் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஜொகூர் பாரு